ஒருசேர நல்லவர்கள்

வெருலம், நீரேற்று நிலையம். இரவு இரண்டே கால்.
மேட்டுத் தொட்டிக்கு மணிக்கு நாற்பது கிலோலிட்டர் ஏற வேண்டும்,
ஏறுவது முப்பத்தொன்று.
ஒன்பது எங்கே?

நான் எழுதிய நிரலுக்கு நோய் எதுவும் தெரியாது.
எல்லாம் சரியாக இருந்தால்
இந்த நிலையம் எப்படி நடந்துகொள்ளும் என்பது மட்டும் தெரியும்.
பம்பு பம்பாக, வால்வு வால்வாக
பழுதே அறியாத ஒரு வெருலம்
என் மடிக்கணினியில் ஓடுகிறது.
அங்கே மேட்டு வீடுகளில் எல்லோரும் குளித்தாயிற்று.

அதையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்து
நிரல் சொல்கிறது:
இரண்டாம் பம்பு, ஏழாம் வால்வு, நான்காம் மீட்டர்,
இம்மூவரும் ஒருசேர நல்லவர்களாக இருக்க முடியாது.

யார் என்று சொல்லாது.
அந்த நிதானத்துக்காகவே அதை எனக்குப் பிடிக்கும்.
நகராட்சி போன மாதமே பம்பு என்று முடிவுகட்டி
டெண்டரும் விட்டுவிட்டது.
காலை எட்டுக்கு லாரி வரும்.

அடுத்து இங்கே அள, என்கிறது.
டெரன்ஸ் மூட்லி டார்ச்சோடு இறங்கி
எண்ணைக் கத்துகிறார். தட்டுகிறேன்.
பம்பு விடுதலை.
மறுபடி இறங்குகிறார். வால்வு விடுதலை.
குழாய்மேல் இன்னொரு மீட்டரைக் கட்டிப் பார்த்தோம்,
நான்காவது பொய் சொல்லவில்லை.
கசிவோ என்று கரும்புக் காட்டோரம் நடந்தோம்.
செருப்பில் ஒட்டியது புழுதிதான்.

சந்தேகப் பட்டியல்: காலி.
ஒன்பது மட்டும் அப்படியே நிற்கிறது.
இனிச் சந்தேகிக்க மிச்சமிருப்பது
நான் வரைந்த, பழுதே அறியாத அந்த வெருலம்.

டெரன்ஸ் கை துடைக்கிறார். ரொம்ப நேரம் துடைக்கிறார்.
"வெள்ளம் வந்த ஏப்ரல்ல
ஏழாம் வால்வு தாண்டி ஒரு டீ போட்டேன்.
ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூடாரத்துல இருந்தாங்களே, அவங்களுக்கு.
இப்ப அதெல்லாம் தகர வீடு. ராத்திரியிலதான் டிரம் நிரப்புவாங்க."

ஏன் சொல்லவில்லை?

"எது கெட்டுப்போச்சுன்னுதானே கேட்ட.
அது நல்லாத்தானே இருக்கு."

மூன்றரைக்கு ஒரு கோடு வரைந்தேன்.
எண் கேட்டது, பதினெட்டு என்றேன்.
நிலை கேட்டது.
கொஞ்சம் யோசித்து, நலம் என்றேன்.

உடனே பொருந்திவிட்டது.
எதிர்பார்த்தது முப்பத்தொன்று, கண்டது முப்பத்தொன்று,
முரண் இல்லை.
என் மடிக்கணினியிலும் இப்போது
மேட்டு வீட்டுக் குழாய்கள்
திறந்தால் காற்றை விடுகின்றன.