நாலாம் பக்கத்தில் ஓர் ஓட்டை

பதினேழாவது மச்சுப்பலகையைக் கழற்றிவிட்டு
மேலிருந்து ஏசுவடியான் கேட்டார்:
"மேடம், ஒரு கெட்டு பேப்பர் கெடக்கு.
என்ன செய்ய?"

குழித்துறையின் பழைய அஞ்சல் ஆபீஸ்.
இனி ஆதார் மையம்.
என் மதிப்பீட்டில் ஓடு இருக்கிறது, கழுக்கோல் இருக்கிறது,
கரையான் மருந்து லிட்டர் கணக்கில் இருக்கிறது.
பேப்பர் கெட்டு இல்லை.

இறக்கச் சொன்னேன்.
கயிறு தொட்டதும் மாவாகியது.
நாற்பத்தொரு பத்திரிகைகள்,
எல்லாம் ஒரே நாள்:
கொல்லம் 1123, மாசி ஒன்பது.
ஒவ்வொன்றின் இடுப்பிலும் முகவரிப் பட்டை.
வக்கீல் ஒருவர், வைத்தியசாலை ஒன்று,
களியக்காவிளைச் சாயக்கடை,
மிஷன் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இரண்டு.
ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை.

சோற்றுநேரம்.
சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து உரக்க வாசித்தேன்.
கொப்பரை விலை சரிவு.
குளச்சலில் இருந்து போன வள்ளம்
மூன்று நாளாய்த் திரும்பவில்லை.
பல்பொடி விளம்பரத்தில் சிரிக்கும் பெண்ணுக்குக்
கரையான் ஒரு பல்லும் விட்டுவைக்கவில்லை.
மரச்சீனியும் சாளைக்கறியும் வாயில் இருக்க
எல்லோரும் சிரித்தோம்.

லக்கன் முர்முவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.
ஜார்க்கண்டில் இருந்து வந்து எட்டு மாதம்.
தாள்களை ஒவ்வொன்றாய் வெயிலில் தூக்கிப் பார்த்தவன் சொன்னான்:
"மேடம், எல்லாத்துலயும் ஓட்டை.
ஒரே இடம்."

நாலாம் பக்கம், வலதுகீழ் மூலை,
தீப்பெட்டி அகலம்.
பட்டை கிழியாமல் உருவி, கத்தரித்து,
திரும்பவும் மாட்டியிருக்கிறார் யாரோ.
எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு
இது தெரியவில்லை.

ஒரு தாளில் மட்டும் கத்தரி சறுக்கியிருந்தது.
மேலே பாதி வரி: இதனால் சகலமானவர்களும்
கீழே பாதி வரி: இனி என் மகளும் அல்ல, அவள்
அவ்வளவுதான்.
பெயர் வெட்டுக்குள் போய்விட்டது.

அஞ்சல் மாஸ்டருக்கு அவள் யார்?
அந்த வீட்டுக்குத் தினம் தபால் கொடுத்துப் பழகியவளா,
ரகசியமாய்க் கடிதம் போட வந்து
முத்திரைக்குச் சில்லறை போதாமல் நின்றவளா.
அல்லது அவரே அப்பனா?
இரவுக் கோபத்தில் பணம்கட்டி அச்சுக்கு அனுப்பி,
விடிந்து கெட்டு வந்து இறங்கியதும்
கைகால் உதறிப்போன மனிதரா?
எனக்கு இந்தக் கடைசிதான் தோன்றுகிறது.
ஆதாரம் இல்லை.

ஓட்டையோடு கொடுத்துவிடத்தான் முதலில் நினைத்திருப்பார்.
நாற்பத்தொன்றும் வெட்டி முடித்த பிறகுதான்
புரிந்திருக்கும்:
வரியை நாலு பேர் படிப்பார்கள்,
ஓட்டையை ஊரே படிக்கும்.
ஏணி எடுத்திருக்கிறார்.

"பேப்பர் வரல்லியே" என்று வந்தவர்களிடம்
என்ன சொன்னாரோ.
ஆற்றில் வெள்ளம் என்று சொல்ல முடியாது,
மாசி மாதம்.
நாகர்கோவிலில் அன்று காலையே
எல்லோரும் வாசித்து முடித்திருப்பார்கள்.
அவர் கைக்கு எட்டியது இந்த நாற்பத்தொன்றுதான்.

அடுத்த மாதம் இதே மச்சுக்குக் கீழே
கருவியும் கேமராவும் வரும்.
தந்தை பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும்,
நட்சத்திரக் குறி போட்டு.

கான்ட்ராக்டர் போனில் சொன்னார், கழிவு என்று எழுதுங்கள்.
எழுதினேன்: மூன்றே கால் கிலோ.
சறுக்கிய தாளை எழுதவில்லை.
அது என் ஹெல்மெட்டுக்குள் இருந்தது.

வெட்டிய துண்டுகளைத் தேடினோம்.
மச்சு முழுக்க, உத்தரத்து இடுக்கு முழுக்க.
எலிப்புழுக்கை, ஒரு வவ்வால் எலும்பு,
ஒரு சக்கரக் காசு.
துண்டு ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் கிழக்குச் சுவரைச் சுரண்டினார்கள்.
ஏழு பூச்சுச் சுண்ணாம்புக்கு அடியில்,
மாஸ்டர் மேசை கிடந்த மூலையில்,
ஆள் உயரத்துக்குக் கரி.
அரக்கு உருக்க அங்கே எப்போதும்
ஒரு விளக்கு எரிந்திருக்கும்.

அளவுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன்:
புகைக்கறை நீக்கி வெள்ளையடிக்க,
ஒன்றரை சதுர மீட்டர்.