பதினோரு விநாடி

ஊதிக் கொடுக்க ஆளில்லாத எஞ்சின் இது.
டர்போ கிடையாது. வானம் தருவதைத்தான் குடிக்கும்.
அதனால் ஐஃபல் மலையின் பிப்ரவரி
இதற்குப் பிடிக்கும்: காற்று கெட்டியாக இருக்கும்,
எட்டு சிலிண்டரும் எட்டுத் தனிக்கதவு திறந்து
வாய்கொள்ளாமல் அள்ளும்.

காற்றுக்குப் பிடித்த குளிர்
எண்ணெய்க்குப் பிடிக்காது.
சண்டை அங்கேதான்.

ஃபோல்க்மார் எஷ் சாவியைக் கொடுத்தார்.
மாயென் ஊர் வரி அலுவலகத்தில் வேலை,
சட்டைப்பையில் எப்போதும் ஒரு நோட்டு.
எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர்,
எண்ணெய் எண்பது டிகிரி தொட எத்தனை நிமிடம்.
அதுவரை மூவாயிரத்தைத் தாண்டியதே இல்லை என்றார்.
எல்லாரும் சொல்வதுதான்.
தலையாட்டினேன். நம்பவில்லை.

ஆய்வகத் தாளில் ஈயம் ஏறியிருந்தது. செம்பும்.

எஞ்சினை மேலே தாங்கு கம்பியில் தொங்கவிட்டு,
சப்ஃபிரேமை இறக்கி, எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினால்
கிராங்க் தெரியும்.
நிமிடத்துக்கு எட்டாயிரத்து முந்நூறு சுற்று.
அத்தனை வேகத்தில் இரும்பு இரும்பைத் தொடாமல்
விலக்கி வைத்திருப்பது
தலைமுடியில் பாதிக் கனம் எண்ணெய்.

பதினாறு பேரிங் ஓடுகள். எண் போட்டு
வெள்ளைத் துணியில் அடுக்கினேன்,
வெட்டிப் போட்ட நகம்போல் பிறைபிறையாக.
ஐந்து ஜோடி சாம்பல் நிறம், வயதுக்கேற்ற தேய்மானம்.
ஆறாவதின் மேலோட்டில் பூச்சு போய்ச்
செம்பு பல்லிளித்தது.

"மாட்டிக்கொண்டீர்கள், எஷ்"
என்று ஆளில்லாத ஷெட்டில் உரக்கவே சொன்னேன்.
மீதி இரண்டு ஜோடியை அப்புறம்தான் பார்த்தேன்.

கையுறைப் பெட்டியில் பழைய நோட்டுகள் நாலு.
குற்றத்தைத் தேடித்தான் பிரித்தேன்.
பதினான்கு நிமிடம். பதினேழு நிமிடம். பதினான்கு.
ஏழு வருடம் இப்படியே.
பொய் இவ்வளவு சலிப்பாக இருக்காது.

ஒரு பக்கத்தில் மட்டும்,
ஜனவரி பத்தொன்பது, போன வருடத்துக்கு முந்தின வருடம்:
"கார் ஒர்க்ஷாப்பில். வால்வு இடைவெளி."
அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

அந்த வெற்றிடம் என்னுடையது.

முப்பத்திரண்டு வால்வுக்கும் ஃபீலர் தகடு நுழைத்து,
ஷிம் மாற்றி, மறுபடி அளந்து,
எட்டு த்ராட்டிலையும் ஒரே மூச்சுக்குக் கொண்டுவந்த சாயங்காலம்.
வெளியே மைனஸ் ஒன்பது.
சோதனை ஓட்டம் என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன்.
பிரைட்ஷைட் தாண்டி ஏற்றம், காலிச் சாலை,
மீட்டரில் மஞ்சள் விளக்குகள் இன்னும் அணையவில்லை.
தெரியும்.
தெரிந்தே மிதித்தேன்.
நாலாயிரத்தில் தொண்டையைச் செருமும்,
ஆறாயிரத்தில் தகரம் கிழிவதுபோல்,
எட்டாயிரத்தில்
நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு விநாடி இருக்கும்.

பதினோரு விநாடியில் பேரிங் தேயுமா?
தேயாது என்பதற்கு நாலு காரணம் சொல்வேன்,
நாலும் நல்ல காரணங்கள்:
பிறவியிலேயே இடைவெளி குறுகல், எண்ணெய் பாகு...
ஓட்டுக்குச் சாட்சி சொல்லத் தெரியும்,
பெயர் சொல்லத் தெரியாது.

புது ஓடுகள். நடுவே பச்சை மெழுகு இழை,
இறுக்கித் திறந்து, நசுங்கிய அகலத்தைக்
காகித அளவுகோலில் படித்தேன்.
போல்ட்டுகளும் புதிது. ஒருமுறை நீண்ட போல்ட்
பழைய நீளத்துக்குத் திரும்பாது.
முடுக்கு, கிளிக், பிறகு கோணம்,
தலையில் மார்க்கர் கோடு. பதினாறு முறை.

எஷ் பில்லைப் பார்த்த மூன்றாவது நொடியில்
"கூலி விட்டுப்போயிருக்கிறது, ஃப்ராவ் தேலன்" என்றார்.

சொன்னேன். ஜனவரி, ஏற்றம், மஞ்சள் விளக்குகள்.
தேயாமலும் இருந்திருக்கலாம் என்பதையும்,
கொஞ்சம் வேகமாக.

பில்லை மடித்தார். இன்னொரு முறை மடித்தார்.
பக்கத்து ஷெட்டில் யாரோ கம்ப்ரெஸரைப் போட்டு நிறுத்தினார்கள்.
பிறகு நோட்டை எடுத்து,
பேனா மூடியைப் பல்லால் கழற்றி,
"எட்டாயிரத்தில்," என்றார்,
"எப்படி இருந்தது?"