ஏழாவது கேள்வி

கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி போகிற பஸ்ஸில்
ஹிபோ ஜன்னலோரம். என் மடியில் கேள்வித்தாள்கள்.
நாளைக்கு அறுநூறு ரூபாய், சாப்பாடு தனி.
அவள் ஆங்கிலத்தைத் தமிழாக்கி
ஊர்க்காரர் தமிழைத் திருப்பித் தர வேண்டும்.

ஊராட்சித் தலைவர் பெயர் வேண்டா.
வரிசையாய்ப் பிறந்த நான்காவது பெண்.
அர்த்தம் கேட்டாள் ஹிபோ, சொன்னேன்.
பேனாவை மூடிவிட்டு
முந்திரித் தோப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
'சோமாலியில் இல்லை என்பதற்கு மாயா' என்றாள்.
எங்கள் தெருவில் இரண்டு மாயா இருக்கிறார்கள் என்றேன்.
சிரித்தோம்.
என்னவென்று தெரியாமலே வேண்டாவும் சிரித்தாள்.

தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, நூறுநாள் வேலை.
ஆறு கேள்விக்கும் பதில் சொன்னவர் தலைவரின் கணவர்.
நாற்காலி அவருக்கு.
முந்திரி ஓட்டு எண்ணெயில் வெந்த விரல்களை மடக்கிக்கொண்டு
நிலைப்படியில் அவள்.

ஏழாவது: கையெழுத்து யார் போடுவது?

'நான்தான். ஓடிபி வர்றது அவரு போனுக்கு.'

அதற்கு அவர் சொன்னது நீளம்.
நான் மொழிபெயர்த்தது மூன்று சொல்.
இவ்வளவு நேரம் பேசினாரே என்றாள் ஹிபோ.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.
ஆய்வேட்டில் இன்றும் அந்த மூன்று சொல்தான்,
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்,
அடிக்குறிப்பு இல்லாமல்.

காலாப்பட்டில் பட்டம் வாங்கிக்கொண்டு
கரோவேக்குப் போய்விட்டாள்.
தேர்தலில் நிற்கப் போவதாக எழுதியிருந்தாள்.
நேற்று ராத்திரி ஒரு குரல்பதிவு,
பாதிக்கு மேல் ஜெனரேட்டர் சத்தம்:

'எங்கள் குலத்துப் பெரியவர்கள் பதினொரு பேர் வந்தார்கள்.
பெண்களுக்கு ஒதுக்கிய இடம்தான்,
ஆனால் பேசியது என் அண்ணனிடம்.
விலகிக்கொள்ளச் சொல், அடுத்த முறை பார்க்கலாம் என்று.
நான் கதவோரம் நின்றேன், உன் தலைவரைப் போல.
மாயா என்றேன். டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.
இன்னொரு முறை சொன்னேன்.
அப்புறம் வாயில் வந்தது அவள் பெயர்.
வேண்டா.
புரியாத சொல் என்பதால் ஒருவர் நிமிர்ந்தார்,
என்ன மொழி அது என்றார்.
நான் மொழிபெயர்க்கவில்லை.'

கொஞ்சம் இடைவெளி. இருமல்.

'இப்போதாவது சொல்.
அன்றைக்கு அந்த ஆள் என்ன சொன்னார்?
முழுசும்.'

விடிகிற வரை தட்டச்சு செய்து செய்து அழித்தேன்.
யாருக்காக மறைத்தேன்?
மொழிபெயர்ப்பு தேவைப்படாமல்
அத்தனையையும் கேட்டுக்கொண்டு
நிலைப்படியில் நின்றிருந்தாளே ஒருத்தி.