நாலாவது கிணற்றில் வெப்பமானி

கன்னியாவில் கிணறு ஏழு.
ஆறுக்கு ஏழு என்று
நாலு வருசமாய் நான் தேடுகிற கணக்கும் அதுதான்.
அதனால் வந்தேன், வேறு நேர்த்தி இல்லை.
டிக்கெட் கிழித்தவர்
வெப்பமானியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இரண்டு பரிமாணத்தில் மூன்று அடிப்படை உண்டு.
மூன்றில் நான்கு, நான்கில் ஐந்து, ஐந்தில் ஆறு,
ஏழில்கூட எட்டு, சுத்தமாய்.
ஆறில்தான் வழுக்குகிறது.
மூன்று கையில் நிற்கின்றன.
நாலாவதை ஒருவரும் கண்டதில்லை;
இல்லையென்று நிறுவினவரும் இல்லை.

கோணேசபுரி வளாகத்தில் கரண்ட் போன இரவு
நஸ்மியாவுக்குச் சொன்னேன்:
ஒரு துகளிடம் ஒரு கேள்வி கேள்.
ஒளிக்காமல் முழுசாய்ப் பதில் சொல்லட்டும்.
பிறகு மற்றக் கேள்வியைக் கேள்.
ஆறு பக்கக் கட்டை உருட்டினது போல
எதுவும் வரும்.
முதற் பதிலின் வாசம்கூட அதில் இராது.
திரும்பி முதற் கேள்விக்கே வந்தாயோ,
அந்தப் பழைய பதிலும் அழிந்திருக்கும்.

அவள் மூதூர்க்காரி. சிரிக்கவில்லை.
"சீனக்குடாச் சாவடியில ஊர் எதெண்டு கேப்பாங்க.
சொல்லுவன்.
என்னைத் தெரிஞ்சிட்டெண்டு விடுவாங்க.
பஸ்ஸில எனக்கு வாந்தி வாறது,
தொகையீடு விருப்பம், வகையீடு வெறுப்பு,
லோஞ்சில ஏறினா நடுக்கடல் மட்டும் கண்ணை மூடுறது,
எல்லாம் அவங்களுக்கு ஆறில ஒண்டு."

உண்மைதான்.
அதே கேள்வியை நூறு தரம் கேட்டால்
நூறு தரமும் அதே பதில்.
அதை நம்பிக் கொப்பியில் எழுதிவிடலாம்.

முதற் கிணறு நாற்பதுக்குக் கிட்ட.
இரண்டாவது கொஞ்சம் தணிவு.
மூன்றாவதில், தலையில் வாளி கவிழ்த்த பொடியன் ஒருத்தன்
என் கொப்பியில் எட்டை மூன்றாக்கினான்.
நாலாவதில் விசில்.

அளப்பதென்றால் கடிதம் வேண்டுமாம்.
எந்தத் திணைக்களத்திலிருந்து என்று
காவலாளிக்கும் தெரியவில்லை.
வெப்பமானியை உதறிப் பைக்குள் வைத்தேன்.
அப்போதுதான் நஸ்மியாவின் செய்தி:
'விடிய ரன் முடிஞ்சுது.
நாலாவது கிட்ட வந்திட்டுது,
பூச்சியம் ஆகேல்ல.
திரும்பப் போட்டிருக்கன்.'

ஈரக் கல்லில் இருந்தேன்.
பெரிய குடும்பமொன்று வந்து
ஏழையும் மாறி மாறி அள்ளி ஊற்றியது,
எண்ணவில்லை, வரிசையும் பார்க்கவில்லை.
ஒரு வாளியை எனக்கும் நீட்டினார்கள்.

காவலாளி கிட்ட வந்தார்,
விசில் கழுத்தில் தொங்க.
"நாலாவதோ? நல்ல சூடோ?"

என் கை முழங்கைவரை உள்ளே இருந்தது.
"தெரியேல்ல," என்றேன்.
"நீங்களும் ஒருக்கா வையுங்கோ."