மைனஸ் நாற்பத்தேழில் உதட்டுச்சாயம்

யாகுட்ஸ்க் சந்தையில் மீன் விற்கிறேன்.
மீன்கள் பெட்டியில் நிற்கின்றன,
வால் கீழே, வாய் மேலே,
விறகுக்கட்டு போல.
நானும் நிற்கிறேன், ஒன்பதிலிருந்து நாலு வரை.
சால்வைக்கு வெளியே தெரிவது
நாலு விரல் அகலம் முகம்.
அந்த நாலு விரலுக்குத்தான் இத்தனை செலவு.

மாஸ்கோவிலிருந்து வரும் டப்பாக்களில்
குளிர்காலத்துக்கு ஏற்றது என்று அச்சடித்திருக்கும்.
எந்தக் குளிர்காலம் என்று போட்டிருக்காது.

ஆகவே ஒரு நோட்டு.
முன்பக்கத்திலிருந்து கடன் கணக்கு,
பின்பக்கத்திலிருந்து இது.
பக்கத்துக் கடைப் பெண்கள் வாங்கிப் படிப்பார்கள்,
சிலர் கடன் கணக்கையும்.

நவம்பர் 19. மைனஸ் முப்பத்தெட்டு.
திரவ ஃபவுண்டேஷன், தேன் நிறம்.
கைப்பைக்குள்ளேயே கட்டி தட்டிவிட்டது.
வீட்டில் உருக்கினால்
எண்ணெய் ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கம்,
முறைத்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி.
பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் மூடிக்கு.
நன்றாக இறுகுகிறது.

டிசம்பர் 3. மைனஸ் நாற்பத்தொன்று.
இமை சுருட்டும் இடுக்கி, எஃகு.
வெளியில் எடுக்காதீர்கள்.
நான் ஒரே ஒரு முறை எடுத்தேன்.
ஏழு ரோமம் அதோடு போயின. எண்ணினேன்.
மதிப்பெண் கிடையாது.

டிசம்பர் 11.
திரவக் கண்மை உறைந்தது.
அதைக் குறித்துவைக்க எடுத்த பேனாவின் மையும் உறைந்தது.
இதைப் பென்சிலில் எழுதுகிறேன்.
கண்ணெழுதவும் பென்சில்தான் தேறியது:
குட்டை, கறுப்பு, பெயர் தேய்ந்துபோனது.
உள்சட்டைக்குள் கால் மணி நேரம் கிடந்தால் போதும்.
ஒன்பது.

மஸ்காராவைப் பற்றி என்ன சொல்ல.
பத்தே நிமிடத்தில் நம் மூச்சே மேலேறி
இமைக்கு வெள்ளை தீட்டிவிடுகிறது,
எனக்கும் போலீஸ்காரனுக்கும் மேய்கிற குதிரைக்கும்
ஒரே தடிமனில், இலவசமாய்.
உள்ளே போனால் உருகும், கன்னத்தில் கறுப்பு வாய்க்கால்.
நாள் முழுக்க வெளியில் நிற்பவளுக்கு நான்கு.
பஸ்ஸில் ஏறி இறங்குபவளுக்குப் பூஜ்யம்.

எதிர்க்கடை மாத்ரியோனா
கோடாலியால் குதிரை விலா பிளப்பவள்.
என் நோட்டைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு.
"மீனுக்கும் பூசிப் பாரேன், விலை ஏறும்."

ஜனவரி 14, மைனஸ் நாற்பத்தேழு.
மூடுபனியில் ஆள் தெரியவில்லை, குரல் மட்டும்:
"துயாரா, ஒரு சிவப்பு இருக்கா?"
பாஸ்போர்ட் படமாம். ஸ்டூடியோ மூன்றுக்கு மூடுமாம்.
எங்கே பயணம் என்றேன்.
"எங்கேயும் இல்லை. நாற்பத்தைந்து ஆகிவிட்டது,
புதுசு எடுக்கச் சொல்கிறார்கள்.
இனி சாகும்வரை இந்த மூஞ்சிதான்."

இருந்தது எட்டாம் எண் செர்ரி.
சாக்பீஸ் போல உடையும், மூன்றுதான் போட்டிருந்தேன்.
பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி
குழலை அதில் நிறுத்தி இளக்கினேன்.
கையுறை கழற்றினேன். இருபது விநாடி தாங்கும் விரல்.
அவள் சால்வையை இறக்கினாள்.

ஆறு குளிர்காலமாக எதிரெதிரே நிற்கிறோம்.
மேலுதட்டில் அவளுக்கொரு தழும்பு இருப்பதை
அன்றுதான் பார்க்கிறேன்.
சாயம் அந்த இடத்தில் மட்டும் வழுக்கியது.
இரண்டாம் முறை பூசினேன்.
அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
கறி மடிக்கும் காகிதத்தில் ஒற்றச் சொன்னேன்.

மூன்றுக்கு முன்பே திரும்பிவிட்டாள்.
சால்வை தாடைக்குக் கீழே.
உதடு வெடிக்கும் என்று கத்தினேன்.
கோடாலியை எடுத்தாள்.
அன்று விலா வாங்கியவர்கள் எல்லாம்
மீதிச் சில்லறையை எண்ண மறந்தார்கள்.

நோட்டில் மூன்றை அடித்துவிட்டேன்.
பதிலுக்கு என்ன போடுவதென்று இன்னும் தெரியவில்லை.
குறிப்பு மட்டும் எழுதினேன்:
மூடியை உடனே கழுவவும்,
தேநீர் ஒரு வாரத்துக்குச் செர்ரி மணக்கும்.