ஆறாம் நம்பர் அறையின் முன்பணம்

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில்
பதினோரு அறை. லிஃப்ட் கிடையாது.
தங்க வருகிறவர் எவரும்
ஊர் பார்க்க வந்தவர் இல்லை.

இரவு பத்தரைக்குக் கல்லாவை எண்ணுவேன்.
இருநூறுகள் தனி. கிழிந்த பத்துகள் தனி.
கவுன்ட்டர்ப் பெட்டி பெண்குரலில் கூவியதையெல்லாம்
பேங்க் மெசேஜோடு ஒத்துப் பார்ப்பேன்.
"இன்னா மெட்டில்டா, நிக்குதா?"
ஷட்டரைப் பாதி இறக்கியபடி முதலாளி.
சில நாள் நிற்கும்.
சில நாள் முப்பது ரூபாய்
எங்கோ போய் டீ குடித்துவிட்டு
காலையில் கன்னியம்மாவின் ஞாபகத்திலிருந்து திரும்பும்:
"பினாயில் வாங்கினேனேக்கா, சொல்லல?"

வெளுக்கப் போடும் விரிப்பு ஒன்றுக்குப் பன்னிரண்டு.
ரத்தக்கறை என்றால் இருபது கேட்பான் லாண்டரிக்காரன்,
பேரம் பேச முடியாது,
எங்கள் விரிப்புகள் அப்படி.
தண்ணி லாரி. கரன்ட் பில், கடை ரேட்டில்.
மாதம் பிறந்தால் ஸ்டேஷனுக்குப் போவதை
ஸ்டேஷனரி என்று எழுதச் சொல்லியிருக்கிறார் முதலாளி.
சௌகார்பேட்டை ஆடிட்டர் கண்ணாடியை ஏற்றிக் கேட்டார்:
"ஒரு லாட்ஜுக்கு இவ்வளவு பேனாவாம்மா?"
நான் என் கைப்பேனாவைப் பார்த்தேன்.
அது என் சொந்தக் காசு.

ஐப்பசியில் டெங்கு வந்தால் அறை கிடைக்காது.
வராந்தாவில் பாய் விரிக்கவும் வாடகை.
வரவுப் பக்கம் கொழுக்கும்.
முதலாளி எல்லாருக்கும் பிரியாணி சொல்வார்.
சாப்பிடுவேன்.
நன்றாகத்தான் இருக்கும்.

முன்பணம் மட்டும் வரவு இல்லை.
கல்லாவுக்குள் கிடந்தாலும் அது கடன்.
சாவியை வாங்கிக்கொண்டு திருப்பித் தருகிற வரை
அவர்களுடைய பணத்தைக் காவல் காக்கிறோம், அவ்வளவுதான்.

வரதய்யா, வயது ஐம்பத்திரண்டு, ஆரம்பாக்கம்.
காரணம் என்ற கட்டத்தில்: சம்சாரம், பெண்கள் வார்டு.
பதினாலு நாள். வாடகை தினம் காலையில், சில்லறையாக.
பதினைந்தாம் நாள் விடிவதற்குள்
துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.
சாவி பூட்டிலேயே தொங்கியது.
பிளாஸ்க்கில் பாதி வெந்நீர், இன்னும் சூடு.
வண்டி அந்தப் பக்கமாகவே
ஊருக்குப் போயிருக்கும்.
ஐநூறு ரூபாய் எங்களிடம்.

போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தது.
ஒரு வருடம் கழித்துப் போட்டேன்,
பெரம்பூர்ப் பையன் எடுத்து
"ராங் நம்பர்க்கா" என்றான்.
மணியார்டர் அனுப்பினேன். விலாசதாரர் இல்லை என்று வந்தது.
கமிஷன் இருபத்தைந்தை
இதரச் செலவில் எழுதினேன்,
ஸ்டேஷனரிக்குக் கீழே.

இந்த மார்ச் முப்பத்தொன்று.
துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி
இன்ஜினை அணைக்காமல் நின்றன.
மேஜைக் கண்ணாடி நடுங்கிக்கொண்டே இருந்தது.
"மூணு வருஷம் ஆச்சு," என்றார் ஆடிட்டர்,
"கேட்டு வராத பாக்கி. இதர வருமானத்துல தள்ளிடுங்க."
தள்ளினால் ஒரு வரி குறையும்.
லாபம் ஐநூறு கூடும்.
செத்துப்போனவளின் கணவன்
எங்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்ததாக ஆகும்.

முதலாளியைப் பார்த்தேன்.
அவர் கொசுபேட்டை சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தார்.
"ஐநூறுக்கு இன்னா பேஜாரு. எழுதிட்டுப் போம்மே."
எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

புதுப் பேரேட்டின் முதல் பக்கம்.
ஆரம்ப இருப்பு. அதற்குக் கீழே
வரதய்யா, அறை 6, ரூ. 500, தர வேண்டியது.
கூட்டினேன். இரண்டு பக்கமும் நின்றது.

மை காய்வதற்குள் படியேறி ஒருவன் வந்தான்,
கையில் எக்ஸ்ரே உறை, காலில் ஜோடி மாறிய செருப்பு.
"எத்தனை நாள்?" என்றேன்.
"தெரியலங்க."
கட்டம் சின்னது. ஆனாலும்
அதையே எழுதிக்கொண்டு
ஐநூறு வாங்கினேன்.