வரித் திருத்தம்

ஸ்டென்ரூட் கவுண்டி ஆணையர் கூட்டங்களில்
பதினோரு ஆண்டுகளாகக் குறிப்பெழுதுகிறேன்.
வந்தவர் பெயர், பேசிய பொருள், எடுத்த முடிவு.
அழுதால் எழுதக் கூடாது.
'கருத்துத் தெரிவித்தார்' என்றால் போதும்.

மாநில அவை சொத்துவரிக்கு
உச்சவரம்பு கட்டிய ஆண்டு அது.
தலைநகரில் கைதட்டல்.
இங்கே டகோட்டா சமவெளியில்
எங்கள் தபால் பெட்டிக்குள் வழவழப்பான அட்டைகள்:
உங்கள் பணம் உங்களிடமே.

பிறகு கவுண்டி கணக்கர்
ஒரு தாளை மேசைமேல் திருப்பி வைத்தார்.
பனி அள்ளும் வண்டி,
சிறையின் கூரை,
ஆம்புலன்ஸ்.
மூன்றில் இரண்டுக்குத்தான் காசு.

கூரை ஒழுகினால் கைதிகள் வழக்குப் போடுவார்கள்.
பனி அள்ளாவிட்டால் பள்ளிப் பேருந்து கிளம்பாது.
ஆம்புலன்ஸ் தினமுமா ஓடுகிறது
என்றார் ஆணையர் லோவெல் பிரெக்கே.
கெட்டவரல்ல.
என் கார் பள்ளத்தில் இறங்கிய இரவில்
டிராக்டரோடு வந்து இழுத்துவிட்டவர்.

அன்று வரியைப் பற்றி நான் எழுதியது
ஒன்பது வரி.

மக்களே முடிவு செய்யட்டும் என்று
வாக்கெடுப்புக்கு விட்டார்கள்.
லட்சம் டாலர் வீட்டுக்கு
ஆண்டுக்கு முப்பத்தெட்டு டாலர் கூடுதல்.
வேண்டும். வேண்டாம்.
இரண்டு முட்டை வட்டம், ஒன்றைக் கறுப்பாக்கு.

அந்த இலையுதிர் காலத்தில்தான்
என் வீட்டு வெப்ப உலை செத்தது.
பழுதுபார்க்க வந்தவன் சொன்ன தொகையில்
எனக்குப் பல் கிட்டித்தது.
கோபம் தலைநகரின் மேல்.
தலைநகர் இருநூறு மைல்.
கைக்கெட்டியது இந்த வட்டம்.

வேண்டும்: 612.
வேண்டாம்: 615.

நான் மாற்றிப் போட்டிருந்தாலும்
ஒன்றில் தோற்றிருக்கும்.
இந்தக் கணக்கை
எத்தனை முறை போட்டிருப்பேன் தெரியாது.
மளிகைக் கடை வரிசையில்
அந்த இன்னொருவர் யார் என்று
முகம் முகமாகப் பார்த்தபடி.
அவரும் என்னைப் பார்த்திருக்கலாம்.

ஜனவரியில் ஹார்லன் டிவெய்ட்
தானியக் கிடங்கின் ஏணியிலிருந்து விழுந்தார்.
பக்கத்துக் கவுண்டியிலிருந்து வண்டி வரவேண்டியிருந்தது.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு அவர் மனைவி ஆர்டித் வந்தார்.
பொதுமக்களுக்கு மூன்று நிமிடம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு.
சிவப்பு எரிந்ததும்
யாரும் எதுவும் சொல்லவில்லை.
அவரே பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு
கையுறையை மாட்டிக்கொண்டு போனார்,
இடக் கையுறை வலக் கையில்.

நான் எழுதினேன்:
'ஆம்புலன்ஸ் வர நாற்பத்தொரு நிமிடம் ஆனதாக
திருமதி டிவெய்ட் கருத்துத் தெரிவித்தார்.'

மார்ச். சென்ற கூட்டக் குறிப்பில்
திருத்தம் உண்டா என்று கேட்பது வழக்கம்.
இல்லாதிருப்பதும் வழக்கம்.
பின்வரிசையில் ஒரு கை.

ஐம்பத்தொன்று, என்றார் ஆர்டித்.
நாற்பத்தொன்று என்று போட்டிருக்கிறீர்கள்.
நான் அடுப்பின் மேலிருந்த கடிகாரத்தைப்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
ஐம்பத்தொன்று.

குரலில் கோபமில்லை.
மின்கட்டண ரசீதில் பெயரெழுத்து
தப்பாக வந்ததைச் சொல்வதுபோல.

பிரெக்கே தன் கைகளைப் பார்த்தார்.
பிறகு திருத்தத்தை முன்மொழிந்தார்.
ஒருவர் வழிமொழிந்தார்.
எதிர்ப்பில்லை.
அந்த ஆண்டு முழு அவையும்
ஒத்துக்கொண்ட முதல் தீர்மானம்.

நாற்பத்தொன்றின் மேல் கோடு போட்டேன்.
மேலே ஐம்பத்தொன்று எழுதி
ஓரத்தில் என் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன்.
திருத்தியவர் கையொப்பமிட வேண்டும்,
அது விதி.
பேனா தாளை விட்டு உடனே எழவில்லை.

நன்றி என்றார் ஆர்டித்.
அதையும் எழுதினேன்.

அடுத்த பொருள்:
சிறைக் கூரை, இரண்டாம் ஒப்பந்தப்புள்ளி.